படம் சுத்தமா வருது, உயிர் வரல: கரியிலும் நிறத்திலும் உணர்வைத் திருப்பி எடுக்கிறது எப்படி?

வாவிக்கரை:

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சித்திரத்தைத் தொழிலாகச் செய்கிற பலரிடம் ஒரே குறையைக் கேட்கிறோம். செத்தவரின் 31ஆம் நாளுக்கு நினைவுப் படம், கோயிலுக்குச் சாமி படம், கடைக்குப் பெயர்ப்பலகை என்று போட்டோவுக்குக் கட்டம் போட்டுப் பெருப்பித்து வரைந்து வரைந்து கை நன்றாகத் தேறிவிடும். மூக்கு மூக்காக இருக்கும், கண்ணுக்குள் வெளிச்சப் புள்ளி சரியான இடத்தில் இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு நிமிசம் நிற்கவேணும் என்று ஒருவருக்கும் தோன்றாது. வரைந்தவருக்கே தோன்றாது. சின்ன வயதில் சுவரில் கரியால் கீறும்போது இருந்தது எங்கேயோ போய்விட்டது.

அதைத் திருப்பி எடுக்கிற வழியை இந்த இழையில் கதைப்போம். "மனசால வரை" என்கிற மாதிரி அறிவுரை தயவுசெய்து வேண்டாம். எந்தத் தாள், எந்தக் கரி, எத்தனை நிமிசம், கை எங்கே இருக்கவேணும், எந்த இடத்தில் பிழைக்கும், ஏன் பிழைக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். மாரி மழைக்கும் காய்ந்த கச்சான் காற்றுக்கும் ஈடுகொடுக்கிற வழியாக இருக்கவேணும். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிற காய்கிற நேரம் ஒன்றும் இங்கே சரிவராது.

கரிக்கட்டி:

முதல் வேலை, பென்சிலையும் அழிறப்பரையும் ஒரு மாதத்துக்கு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவது.

காரணம் இதுதான். பென்சில் பிடித்தால் அசைவது மூன்று விரலும் மணிக்கட்டும் மட்டும். அந்தச் சின்ன அசைவில் திருத்தம் வரும், வீச்சு வராது. உணர்வு தாளில் இறங்குகிற வழி மூன்று: கை எவ்வளவு அழுத்தியது, எவ்வளவு கெதியாகப் போனது, எந்த இடத்தில் நின்றது. போட்டோவைப் பார்த்து நிழலை டிசுவால் தேய்த்து மழமழப்பாக்குகிற பழக்கம் இந்த மூன்றையும் துடைத்துவிடுகிறது. தேய்த்த நிழலில் கை போன வழியே தெரியாது. பிறகு அதில் உணர்வைத் தேடி என்ன பயன்?

பொதி சுற்றுகிற மண்ணிறக் கடதாசி போதும். 20க்கு 30 அங்குலமாக வெட்டி, பின்னால் நாலைந்து பத்திரிகைத் தாளை வைத்து, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். வெறும் சுவரில் ஒட்டினால் சாந்தின் சொரசொரப்பு முழுவதும் கரியில் ஏறிவிடும். தாளின் நடு உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வரட்டும். நின்றுதான் வரையவேணும். கரியை 2 அங்குலத் துண்டாக முறித்துப் படுக்கையாகப் பிடியுங்கள். அசைவு தோளில் தொடங்கட்டும், மணிக்கட்டைப் பூட்டிவிடுங்கள்.

30 விநாடிப் படம் பத்து, 2 நிமிசப் படம் ஐந்து, 15 நிமிசப் படம் ஒன்று. மொத்தம் அரை மணித்தியாலம். அதோடு நிறுத்துங்கள், களைத்த கை பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும். 30 விநாடிக்குள் வெளிக்கோட்டுக்குப் போகவேண்டாம். உடம்பின் பாரம் எந்தக் காலில், எந்தப் பக்கத்து இடுப்பில் இறங்குகிறது என்று பார்த்து, அந்தப் பாரத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

முதற்கிழமை எல்லோருக்கும் ஒரே இடத்தில் பிழைக்கும். கண்ணிலிருந்து தொடங்குவார்கள், நேரம் முடியும்போது இரண்டு கண்ணும் அரை மூக்கும் மிஞ்சும். அல்லது ஒரே கோட்டைச் சின்னச் சின்னக் கீறலாக, மயிர் மயிராகப் போடுவார்கள். அது பயத்தில் வருகிற கோடு. ஒரு மூச்சுக்கு ஒரு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு பிழைத்தால் அழிக்காமல் பக்கத்தில் சரியானதைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து நிற்கும்போது அந்தத் தயக்கமும் படத்தில் இருக்கும், அது படத்துக்கு நல்லது.

எழுவான்:

அண்ணா, ஆரைப் பாத்து வரையிற? வீட்டுல ஒருத்தரும் 15 நிமிசம் அசையாம இரிக்க மாட்டாங்க. கரியும் டவுனுக்குப் போனாத்தான் கிடைக்கும், கிடைச்சாலும் பெட்டிக்குள்ள பாதி முறிஞ்சி கிடக்கு.

பன்பாய்:

தம்பி, அசையாமல் இருக்கிற ஆள் தேவையில்லை. திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்கிற ஆளைத் தேடுங்கள். வலை பொத்துகிறவர், மீன் வெட்டுகிறவர், பன்பாய் இழைக்கிறவர். அவர்களின் உடம்பு ஒரு நிமிசத்துக்குள் பத்துத் தரம் அதே நிலைக்கு வரும். ஒவ்வொரு தரமும் ஒரு கோட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது பாக்கு வெட்டுகிற கை. வெற்றிலை வட்டாவுக்குப் பக்கத்தில் இருந்து பாக்கு வெட்டுகிற ஒரு கிழவியைப் பாருங்கள். இடக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் பாக்கைப் பாக்குவெட்டியின் வாய்க்குள் பிடித்திருக்கும். வலக்கை அழுத்துகிற கணத்தில் முழங்கை விலாவோடு ஒட்டும், தோள் ஒரு விரற்கடை இறங்கும், பெருவிரலின் அடிச்சதை தட்டையாகி வெளிறும், கழுத்து நரம்பு ஒன்று எழும்பும். பாக்குப் பிளந்தவுடன் எல்லாம் ஒன்றாகத் தளரும். வரையவேண்டியது அந்த இறுக்கமும் தளர்வும்தான். கரியை ஆக அழுத்துகிற இடம் பெருவிரலின் அடி. அதற்கு அடுத்தது முழங்கை விலாவில் தொடுகிற கோடு. மற்றதெல்லாம் மெல்லிசாக இருக்கட்டும். காப்பு, சேலைக்கரை, வட்டாவின் பூவேலை எதையும் தொடவேண்டாம். அந்த அம்மாவின் வயதும் பிடிவாதமும் பெருவிரலிலேயே வந்துவிடும்.

முகத்தில்தான் உணர்வு இருக்கிறது என்று நம்புகிறவர்கள் ஜேர்மனியச் சித்திரக்காரரும் சிற்பியுமான கேத்தே கொல்விட்ஸின் வேலைகளைப் பாருங்கள். 1867இல் பிறந்தவர். அவருடைய இளைய மகன் பீற்றர் 1914 அக்டோபரில், முதலாம் உலகப் போர் தொடங்கிய சில மாதத்துக்குள் போர்முனையில் செத்துப்போனான். அவனுக்காக அவர் செய்த தாய் தகப்பன் சிலைகள் 1932இல்தான் முடிந்தன. தகப்பன் முழந்தாளில் நிமிர்ந்து, இரண்டு கையாலும் தன்னைத்தானே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். தாய் குனிந்து சுருண்டிருக்கிறாள். தூரத்தில் நின்று முகம் தெரியாமல் பார்த்தாலும் விசயம் விளங்கும். இடையில் எத்தனையோ வடிவங்களைச் செய்து பார்த்துக் கைவிட்டிருக்கிறார். ஒரு கிழமைக்குள் உணர்வு வரவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்களுக்காகத்தான் அந்த 18 வருசத்தைச் சொல்கிறேன்.

கரிக்கட்டி:

எழுவான், கரிக்குக் கடைக்குப் போகவேண்டாம். புளியங்குச்சி இருந்தால் வீட்டிலேயே சுடலாம். ஆந்திராவில் சிறீகாளஹஸ்தி கலங்காரிக்காரர் துணியில் முதற்கோடு போடுவது சுட்ட புளியங்குச்சியால்தான்.

பென்சில் தடிப்பில், கணு இல்லாத நேரான குச்சியாக எடுத்து 5 அங்குலத்துக்கு வெட்டுங்கள். பட்டையை உரித்து நிழலில் ஒரு கிழமை காயவிடுங்கள். ஈரத்தோடு சுட்டால் உள்ளே நீராவி எழும்பிக் குச்சி நெடுக்காகப் பிளக்கும். பிறகு இறுக்கமான மூடி உள்ள பால்மாப் பேணி ஒன்று. அதை முதலில் வெறுமையாக வெளியில் போட்டு ஒருதரம் எரித்து, உட்பூச்சையும் மையையும் போக்கிவிடுங்கள். மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை. குச்சிகளை நிமிர்த்தி, ஆடாதபடி நெருக்கி அடுக்கி மூடி, விறகு நெருப்புக்குள் வையுங்கள்.

துளையால் முதலில் வெள்ளைப் புகை வரும், அது ஈரம். பிறகு மஞ்சள் கலந்த தடித்த புகை, சிலவேளை அதுவே தீப்பிடித்து எரியும். அந்தப் புகை அடங்கும்வரை வைத்திருக்கவேணும். நெருப்பைப் பொறுத்து முக்கால் மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் போகலாம். நேரத்தைப் பார்க்காமல் புகையைப் பாருங்கள். அடங்கியதும் பேணியை இழுத்து வெளியில் எடுத்து, துளையை ஈரக் களிமண்ணால் அடைத்து, அடுத்த நாள்வரை திறக்கவே கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப்பட்டு எல்லாம் தணலாகிச் சாம்பலாகும். ஆக அதிகமாக நடக்கிற பிழை இதுதான்.

முறித்துப் பார்க்கும்போது உள்ளே மண்ணிறமாக இருந்தால் வேகவில்லை. அது தாளைக் கீறும், கறுப்புக் கொடுக்காது. திரும்பச் சுடலாம். சிரட்டைக்கரியால் முயற்சி செய்யவேண்டாம். அது சரியான கடினம், சாம்பல் நிறத்தில் ஒரு கீறல்தான் விழும்.

நாணல்:

கரிக்கட்டி சொல்வது சரி, ஆனால் கெதி மட்டும் உணர்வு இல்லை. போட்டோப் பழக்கத்தை உடைக்க இன்னொரு பக்கமும் இருக்கிறது, ஆக மெதுவான கோடு.

ஒரு கோடு போடாத கொப்பி, ஒரு பந்துமுனைப் பேனா. உங்கள் இடக்கையை மேசையில் வையுங்கள். கண் கையின் ஓரத்தில் எறும்பு ஊருகிற வேகத்தில் போகட்டும், பேனாவும் அதே வேகத்தில் தாளில் போகட்டும். தாளைப் பார்க்கவே கூடாது. 10 நிமிசத்தில் ஒரு கை முடிந்தால் கெதி கூடிவிட்டது என்று அர்த்தம். நகக்கண்ணின் தோல், விரல் மூட்டின் ஒவ்வொரு சுருக்கம் எல்லாவற்றுக்கும் கோடு போகவேணும். வடிவம் கோணல்மாணலாகத்தான் வரும், அதைப் பொருட்படுத்தவேண்டாம். கோட்டைப் பாருங்கள். தயங்கின இடத்தில் மை கொஞ்சம் ஊறியிருக்கும், தோல் இளகின இடத்தில் கோடும் இளகியிருக்கும். போட்டோவிலிருந்து இது வராது, ஏனென்றால் போட்டோவில் தோல் தட்டை.

களவாகத் தாளைப் பார்ப்பதுதான் இதில் நடக்கிற பிழை. பார்த்த உடனே கை திருத்தத் தொடங்கும். ஒரு அட்டையில் துளை போட்டுப் பேனாவை அதற்குள்ளால் விட்டுக்கொண்டால் கை மறைந்துவிடும்.

இன்னொன்று, கூத்து. எங்களிடம் வடமோடி, தென்மோடி என்று இரண்டு கூத்து முறையும் இருக்கும்போது அசைவு படிக்க வேறு எங்கும் போகத் தேவையில்லை. கூத்தாடுகிற வட்டக்களரிக்கு வெளியில் இருந்து வரையும்போது எல்லோரும் விழுகிற குழி உடுப்பு. கிரீடத்தையும் கண்ணாடி வேலையையும் கீறி முடிக்க ஆட்டம் மாறிவிடும். மத்தளத்தைக் கேட்டு, தாளக்கட்டின் ஒரு சுற்றுக்கு ஒரு கோடு என்று போடுங்கள். வடமோடியில் அரச வரவு வரும்போது கோடு தரையை மிதிக்கும். ஆட்டம் இல்லாத நாளில் பதிவுசெய்த மத்தள ஒலியைப் போட்டு, ஒன்றையும் பார்க்காமல் மண்ணிறக் கடதாசியில் 5 நிமிசம் கரியை ஓட்டுங்கள். கை இளகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கல்முனைத்தூரிகை:

எல்லோரும் கறுப்பிலேயே நிற்கிறீர்கள். கரியில் ஒரு மாதம் இருக்கச்சொன்னால் பாதிப்பேர் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நிறத்தையும் இரண்டாம் கிழமையிலேயே தொடங்கலாம், ஆனால் நாலே நாலு நிறம்: அல்ட்ராமரின் நீலம், பேர்ன்ட் சியன்னா (செம்மண்ணிறம்), யெல்லோ ஓகர் (மஞ்சள் மண்ணிறம்), டைட்டானியம் வெள்ளை. போஸ்டர் கலர் அல்லது குவாஷ் (கீழே உள்ளதை மறைக்கிற நீர்வர்ணம்). அல்ட்ராமரின் வாங்கும்போது ட்யூபின் பின்னால் பி.பி. 29 (PB29) என்ற நிறமி இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். "அல்ட்ராமரின் சாயல்" என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே வேறு நிறமியாக இருக்கலாம், நான் சொல்கிற கலவை அதில் வராது.

நீலத்தையும் சியன்னாவையும் சரிசமனாகக் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் சூடான சாம்பல். வெள்ளை சேர்த்து ஒவ்வொன்றிலும் ஆறு படி செய்து ஒரு அட்டையில் பூசி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய கறுப்பை இதற்குள் விடவேண்டாம், எல்லாவற்றையும் செத்த நிறமாக்கிவிடும்.

பயிற்சி, பின்னேரம் வாவி. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் சூரியன் இறங்குவதைக் கீறாத ஆள் இல்லை, கீறியதில் தொண்ணூறு வீதம் தோடம்பழ நிறத்தில் குளித்திருக்கும். உண்மையாகவே பாருங்கள். சூரியனைச் சுற்றி ஒரு சாண் இடத்தில்தான் அந்தச் சூடு. மிச்ச வானமும் தண்ணீரும் சாம்பல்கள், நீலச் சாம்பல், மண்ணிறச் சாம்பல், ஈயச் சாம்பல். தாளில் பத்துக்கு ஒன்பது பங்கைச் சாம்பலுக்குக் கொடுத்து, ஓகரையும் வெள்ளையையும் ஒரு பங்கில் மட்டும் வைத்தால் அந்த ஒரு பங்கு எரியும். துக்கமோ அமைதியோ வருவது அந்த விகிதத்தில். நிறத்தின் பெயரில் ஒன்றுமில்லை.

தடித்த பிரஷ், ஒரு அங்குலத் தட்டைப் பிரஷ் போதும். தாள் 5க்கு 7 அங்குலம். 20 நிமிசத்துக்கு மேல் போகவேண்டாம். சின்னப் பிரஷை எடுத்த உடனே தென்னோலை ஒவ்வொன்றாகக் கீறத் தொடங்கிவிடுவீர்கள்.

நீர்வர்ணக்காரருக்கு ஒரு சொல். நவம்பர், டிசம்பரில் ஒரு பூச்சுக் காய வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுக்கும். பாதி காய்ந்திருக்கும்போது பொறுமையில்லாமல் ஈரப் பிரஷை வைத்தால் தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூக்கோவா மாதிரி ஓரம் கட்டும். புறங்கையைத் தாளுக்குக் கிட்டப் பிடியுங்கள், குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கச்சான் காலத்தில் இதற்கு எதிர்மாறு. பிரஷ் மறுபக்கம் போவதற்குள் தொடங்கின ஓரம் காய்ந்து வெட்டுக்கோடு விழும். தாளின் பின்பக்கத்தையும் பஞ்சால் நனைத்து ஒரு கண்ணாடியில் ஒட்டினால் கால் மணித்தியாலமாவது கிடைக்கும்.

எழுவான்:

ஓகர் ட்யூப் இஞ்ச கிடைக்கிற கஷ்டம். கிறவல் மண்ணுல நிறம் செய்யலாம் எண்டு சொல்றாங்க, உண்மையா?

கரிக்கட்டி:

செய்யலாம். கிறவலின் சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஒட்சைட்டு, வெயிலில் வெளிறாது. மஞ்சள்தூளாலும் அதில் செய்த குங்குமத்தாலும் படம் செய்யவேண்டாம். சன்னலோரம் சில கிழமையில் நிறம் போய்விடும். சந்தேகம் என்றால் பூசின அட்டையில் பாதியைத் தடித்த மட்டையால் மூடி ஒரு மாதம் வெயிலில் வைத்துப் பாருங்கள்.

மண்ணை இடித்து ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்குங்கள். ஒரு நிமிசம் பொறுத்தால் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கிற கலங்கல் தண்ணீரை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றி ஒரு இரவு விடுங்கள். காலையில் தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு அடியில் கிடக்கிற சேற்றைக் காயவைத்து, மாபிள் துண்டில் அல்லது தடித்த கண்ணாடியில் அரையுங்கள். வாவியோரத்து, கடலோரத்து மண் என்றால் நல்ல தண்ணீர் விட்டு மூன்று நாலு தரம் இப்படித் தெளிய வைத்து வடிக்கவேணும். உப்பு நின்றால் படம் காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூக்கும்.

ஒட்டுவதற்கு விளாம்பிசின். கண்டி அரசு காலத்துச் சுவரோவியக்காரரும் விளாம்பிசினைத்தான் பாவித்தார்கள், எங்கள் பக்கம் விளாமரத்துக்குப் பஞ்சமில்லை. பிசின் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, இரவு முழுக்க ஊறவைத்துத் துணியில் வடியுங்கள். கராம்பு எண்ணெய் இரண்டு துளி விட்டால் கெதியில் புளிக்காது. இந்தப் பிசின் தண்ணீரையும் மண்தூளையும் ஏறக்குறைய சரிக்குச் சரி எடுத்துக் குழைத்து, ஒரு கடதாசியில் பூசிக் காயவிட்டு விரலால் தேயுங்கள். தூள் ஒட்டினால் பிசின் போதாது. மினுங்கி வெடித்தால் கூடிவிட்டது. சிலர் வெடிக்காமல் இருக்கத் தேன் விடுவார்கள். எங்கள் காற்றில் தேன் விட்ட நிறம் மாரியில் காயவே காயாது, கொப்பியின் தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

வாவிக்கரை:

கையால் மண் எடுத்து அரைத்துச் செய்த நிறத்தை யாரும் சும்மா விசிறுவதில்லை. அந்தக் கவனமே படத்தில் இறங்கும்.

ஒரு கேள்வி. துக்கத்துக்குக் கறுப்பு, கோபத்துக்குச் சிவப்பு என்று வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதிலிருந்து தொடங்குவது சரியா?

பன்பாய்:

சரியே இல்லை. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகளுக்கு இதனால் தீமை நடக்கிறது. எங்கள் சடங்கில் சிவப்பு அம்மனின் நிறம், கலியாணத்தில் கூறைச்சேலையின் நிறம். அதே சிவப்பை ஒரு பிள்ளை பூசினால் "உனக்குக் கோபம்" என்று சொல்வது என்ன நியாயம்? கறுப்புப் பஸ்டல் நீளமாக மிஞ்சியிருந்தபடியால் கறுப்பை எடுத்திருக்கலாம். படத்தைப் பார்த்து மனதை அளக்கவேண்டாம். "இந்த இடத்தில் என்ன நடக்குது?" என்று கேளுங்கள், சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேணும். எங்கள் ஊர்களில் போரும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் தொடாத வீடு குறைவு. கையை இளக்கத் தொடங்கினால் எது மேலே வரும் என்று முன்கூட்டித் தெரியாது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் பிள்ளைகளுக்குச் சித்திரம், களிமண், கதை, நாடகம், தோட்டம் எல்லாம் ஒன்றாக இருந்தன. "நடந்ததை வரை" என்று பிள்ளையை நேரே அதற்குள் தள்ளுவது வேறு, பிள்ளை தன் வழியில் வருவதற்கு இடம் விடுவது வேறு. பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

தனியாக வரைகிறவர்களுக்கு: நேரத்தை முதலிலேயே குறியுங்கள், 40 நிமிசத்துக்கு மேல் வேண்டாம். இரவு படுக்கப்போகிற நேரத்தில் தொடங்கவேண்டாம். முடிந்ததும் படத்தை மேசையில் விடாமல் ஒரு கோவைக்குள் வைத்து மூடி, கை கழுவி, வெளியில் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். உடனே முகநூலில் போடவேண்டாம். கை நடுங்கினால், மூச்சு முட்டினால், நடந்தது திரும்ப நடப்பதுபோல இருந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, முன்னால் கிடக்கிற ஒரு சாமானை, ஒரு கோப்பை, ஒரு செருப்பு, மெதுவான கோட்டில் வரையுங்கள். கண் இந்த அறைக்குத் திரும்பும். நித்திரை இல்லாமல் நாட்கணக்கில் போனால் படத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு ஒரு ஆளோடு கதைக்கவேணும். 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச்சேவை தமிழிலும் கதைக்கும்.

நாணல்:

பன்பாய் அக்கா சொன்னதோடு சேர்த்து ஒன்று. வேதனையை உருவமாக வரையாமலும் சொல்லலாம். வங்கத்துச் சித்திரக்காரர் சோம்நாத் ஹோர் 1943 பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து வரைந்தவர். பிறகு 1970களில் "காயங்கள்" என்று ஒரு வரிசை செய்தார், வெள்ளைக் கடதாசிக் கூழில் வெள்ளைக் காயம். நிறமே இல்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளமும் விளிம்பும் மட்டும் தெரியும்.

இதை வீட்டில் எளிமையாகச் செய்து பார்க்கலாம். ஒரு அங்குலத் தடிப்பில் களிமண்ணை ஒரு பலகையில் பரப்பி, ஆணி, கரண்டி, சிரட்டை விளிம்பு எதாலாவது குத்துங்கள், கீறுங்கள், ஒரே ஒரு தரம், திருத்தாமல். வெள்ளை ஏ4 தாள் பத்தைக் கிழித்து இரவு ஊறவைத்து, 2 லீற்றர் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். துணித்துண்டைப் போடவேண்டாம், நூல் மிக்சியின் அலகில் சுற்றி மோட்டாரை எரித்துவிடும். கூழை வடித்து, களிமண்ணின் மேல் கால் அங்குலத்துக்குப் பரப்பி, மேலே சல்லடைத்துணி போட்டு ஸ்பொஞ்சால் தண்ணீரை ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கூழ் நகரும். கச்சான் நாளில் இரண்டு மூன்று நாளில் கழன்றுவரும். மாரியில் செய்தால் காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும், தையிலிருந்து தொடங்குங்கள். களிமண்ணில் குத்திய பள்ளம் தாளில் புடைப்பாக வரும் என்பதை முன்கூட்டி நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் வேணும் என்றால் களிமண்ணில் திரளை வைக்கவேணும்.

கல்முனைத்தூரிகை:

கரிப்படத்தைக் காப்பாற்றுகிற வழி ஒருவரும் சொல்லவில்லை. ஹேர்ஸ்பிரே அடிக்கிறார்கள், மஞ்சளடிக்கும், ஒட்டுத்தன்மையில் தூசி பிடிக்கும். பால் ஆடையெடுத்து அடிக்கிற பழைய முறை ஐரோப்பாவில் சரி, இங்கே பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. கஞ்சித்தண்ணீரும் அப்படித்தான்.

தளபாட பொலிஷுக்கு விற்கிற அரக்குச் செதில் 2 கிராம், ஸ்பிரிட் 100 மில்லிலீற்றர். இரவு கரையவிட்டு மெல்லிய துணியில் வடித்து, நுண்ணிய விசிறிப் போத்தலில் எடுங்கள். படத்தைச் சரித்து வைத்து ஒரு முழத் தூரத்திலிருந்து மூடுபனி மாதிரி அடிக்கவேணும், ஐந்து நிமிச இடைவெளியில் மூன்று தரம். கிட்டப் பிடித்து நனைத்தால் கரி ஓடும். வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் மட்டும். மழை நாளில் அடித்தால் ஈரத்தைப் பிடித்து வெள்ளைப் படலம் கட்டும், வெயில் வந்த நாளுக்குப் பொறுங்கள்.

சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் முட்டக் கூடாது, இடையில் மட்டையால் இடைவெளி. சட்டத்தின் பின்மூலை நாலிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்றுப் போகும். மாரியில் ஊறுகிற சுவரில் இது இல்லாமல் தொங்கவிட்டால் தைப்பொங்கலுக்குள் பழுப்புப் புள்ளி வரும்.

எழுவான்:

எல்லாம் விளங்குது. ஆனா நினைவுப் படம் கேட்டு வாற ஆக்களுக்கு என்ன செய்யிற? அடையாள அட்டைப் போட்டோ ஒண்டத் தந்திட்டுப் போறாங்க. அத விட்டா வருமானம் இல்ல.

பன்பாய்:

விடவேண்டாம் தம்பி. அந்தப் படத்துக்குள்ளேயே இதையெல்லாம் கொண்டுவரலாம், ஆருக்கும் உணர்வு தேவை என்றால் அந்தக் குடும்பத்துக்குத்தானே.

ஒரு போட்டோவோடு ஒப்புக்கொள்ளாதீர்கள். கலியாண வீட்டுக் கூட்டத்தில் ஓரமாக நிற்கிறதென்றாலும் இன்னும் இரண்டு கேளுங்கள். அடையாள அட்டைப் படத்தில் வெளிச்சம் முன்னுக்கிருந்து அடித்து முகம் தட்டையாகிவிடும், மற்றதில் தலை எந்தப் பக்கம் சரியும், தோள் எது உயரம் என்று தெரியும். வீட்டாரிடம் "அவர் கையால என்ன வேலை செய்வார், எந்த நேரம் எங்க இருப்பார்" என்று கேளுங்கள். வலை பொத்துகிறவரின் கழுத்தும் கணக்கெழுதுகிறவரின் கழுத்தும் ஒன்றில்லை.

பிறகு பெரிய மண்ணிறக் கடதாசியில் கட்டம் இல்லாமல் கரியால் 2 நிமிசப் படம் ஐந்து. அதன் பிறகு போட்டோக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஞாபகத்தில் 10 நிமிசப் படம் ஒன்று. அந்தப் படத்தில் எதை மறந்தீர்களோ அது தேவையில்லாதது, எதைக் கூட்டிப் போட்டீர்களோ அதுதான் அந்த ஆள். பக்கவாட்டு வெளிச்சம் ஒன்றை நீங்களே தீர்மானியுங்கள். அதன் பிறகுதான் நல்ல தாளில் அளவு பார்த்து வரையவேணும். அளவு பிழைக்கக் கூடாது, வீட்டாருக்கு ஆள் அவராகத்தான் இருக்கவேணும்.

வெளிச்சப் பக்கத்துக் கன்னக்கோட்டைத் தாளோடு கரையவிடுங்கள், நிழற்பக்கத் தாடையைக் கரியால் அழுத்திப் பிடியுங்கள். தூரக் காதையும் சேட்டுக் கொலரையும் இரண்டு கோட்டோடு விட்டுவிடலாம். அழிறப்பரை அலுமாரியிலிருந்து எடுப்பது கடைசிப் பத்து நிமிசத்துக்கு மட்டும், அதுவும் கண்ணுக்குக் கீழே ஈரம் மினுங்குகிற அந்த ஒரு கீற்றைத் திறக்க.